ஏலகிரியில் ஒரு சறுக்குமேடை

ஆம்பூர் ஷூ கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஏலகிரியில் லாட்ஜ் தொடங்கியிருக்கும் தேவசகாயம், காலையிலேயே என்னைப் பின்பக்கச் சரிவுக்குக் கூட்டிப்போகிறார். வெளிநாட்டுக் காலண்டரில் பனிமலையில் சறுக்குகிறவர்களைப் பார்த்ததிலிருந்து அவருக்கு வேறு நினைப்பே இல்லை.

"பனி இல்லன்னா இன்னா சார்? புல்லு ஜாஸ்தியா இருக்குதே! இதுவும் ஓடலன்னா மறுபடி கம்பெனிதான்" என்று எண்ணெய் தடவிய எருமைத்தோலை விரிக்கிறார். லாட்ஜில் தங்கியிருப்பது நான் ஒருவன்தான். மறுக்க மனம் வராமல் உட்காருகிறேன். தள்ளிவிடுகிறார்.

புல் முடிந்தும் தோல் நிற்கவில்லை. வேலியைப் பிய்த்துக்கொண்டு கேழ்வரகு வயலில் போய் விழுகிறேன். களை எடுக்கும் பெண் நிமிர்ந்து பார்க்கிறாள்.

"அடி பட்டுச்சா சார்? முந்தாநேத்து லாட்ஜ்காரரே இங்கதான் வந்து விழுந்தாரு."

மூச்சிரைக்க ஓடிவரும் தேவசகாயம் என் முழங்காலைப் பார்க்கவில்லை. நான் வந்த தூரத்தைக் காலடியால் அளக்கிறார்.

"அக்கா, சறுக்குமேடைய உன் வயல்ல இதுவரைக்கும் நீட்டிக்கிறேன். சரின்னு சொல்லு."

அவள் நசுங்கிய கேழ்வரகைப் பார்க்கிறாள். களைக்கொத்தைக் கீழே போடுகிறாள். அடிதான் விழப்போகிறது என்று நான் ஒதுங்குகிறேன். அவளோ தோலைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு மேட்டில் ஏறுகிறாள்.

"இரு, நானும் ஒரு தபா வந்து பாத்துட்டு சொல்றேன்."