சூசை அண்ணன் பேசாமல் நின்ற ஆட்டம்

செய்தி வந்தபோது ஸ்ரீரங்கத்தில் வீட்டு வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். நம் பில்லியர்ட்ஸ் கிளப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே வரி: சூசை அண்ணன் தவறிவிட்டார். முதலில் நம்பவில்லை. போட்டிக்கு முந்தின நாள் தனக்குக் கடுங்காய்ச்சல் என்று ஊரெல்லாம் பரப்பி, எதிராளியின் மனத்தை இளகவைத்து, மறுநாள் தலைக்குக் குளித்துவிட்டு வந்து ஜெயித்த மனிதர் அவர். போன் செய்தேன். அவர் மனைவி பிலோமினா அண்ணி எடுத்தார். "ஆமாங்க. காலையில போயிட்டாரு. வந்துடுங்க." பஸ் காவிரிப் பாலத்தில் போகும்போது எட்டிப் பார்த்தேன். அப்பேர்ப்பட்ட ஆள் போனதற்கு ஆறு ஒரு நிமிடமாவது நின்றிருக்க வேண்டும். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

உறையூரில் ஷாமியானா வாடகைக்கு விடுவது அவர் தொழில். தில்லைநகர் மாடியில் இருக்கும் நம் ஒற்றை பில்லியர்ட்ஸ் மேஜைதான் அவர் சாம்ராஜ்யம். அவர் கோலின் நுனியில் சாக்கட்டி தேய்த்து முடிப்பதற்குள் எதிரே நிற்பவனுக்குத் தாடி வளர்ந்துவிடும். மலைக்கோட்டைப் பிள்ளையாரே இறங்கி வந்து குனிந்தாலும், "சாமி, தும்பிக்கை இடிக்குதுங்களே" என்று சொல்லிப் பந்தைத் தவறவைத்திருப்பார். "பந்தை அடிக்கிறவன் கத்துக்குட்டி. ஆளை அடிக்கிறவன்தான் ஆட்டக்காரன்" என்பார்.

நம் ஆடிட்டர் ஒரு முறை கடைசிப் பந்துக்குக் குனிந்தார். "சார், கை லேசா நடுங்குதே, சுகர் பாத்தீங்களா?" என்றார் அண்ணன். பந்து மேஜையை விட்டே வெளியே போனது. மறுநாள் ஆடிட்டர் ரத்தப் பரிசோதனைக்குப் போனார். நிஜமாகவே சுகர் இருந்தது. "தோத்ததுக்கு மருந்தும் சேத்துக் குடுத்திருக்கேன், வேறென்ன வேணும்?" என்றார் அண்ணன், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

நம் கிளப்பின் நீதிமன்றம் எது என்பது உங்களுக்குத் தெரியும். டீ யார் சொல்வது, ஃபேன் வேகம் எவ்வளவு, யார் சொன்னது சரி என்று எந்தத் தகராறு வந்தாலும் ஸ்பாட் ஷாட்தான். எதிர்முனைக் கறுப்புப் புள்ளியில் ஒரு பந்து. இந்தப் பக்கம் கோட்டுக்குப் பின்னால் வெள்ளைப் பந்து. வெள்ளையால் அடித்து அந்தப் பந்தை மூலைக்குழியில் தள்ள வேண்டும். மாறி மாறி அடிப்போம். ஒருவன் போட்டு மற்றவன் விட்டால் முடிந்தது. அந்தத் தீர்ப்புக்கு மறு ஆட்டம் கிடையாது. யாரும் கேட்டதும் இல்லை.

அண்ணன் வயிற்றில் கட்டி இருப்பது தெரிந்தபோது, உடனே ஆபரேஷன் செய்தால் பிழைக்க வழி இருக்கிறது என்றார் டாக்டர். அண்ணன் மாட்டேன் என்றார். அண்ணி என்னைக் கூப்பிட்டார். "நீங்க சொன்னாத்தான் கேப்பாரு." நான் சொன்னால் கேட்கிற மனிதரா? உலகத்தில் அவர் கட்டுப்படுவது ஒன்றுக்குத்தான். நேரே போய்ச் சொன்னேன்: "ஸ்பாட் போடுவோம்ணே. நான் ஜெயிச்சா நீங்க ஆஸ்பத்திரி. நீங்க ஜெயிச்சா இந்தப் பேச்சே இல்ல." சரி என்றார்.

முதல் சுற்றில் இருவருமே போட்டோம். அவர் அடிக்கும்போது இருமினேன், சாவிக்கொத்தைக் கீழே போட்டேன், "அண்ணே, செருப்பு பிஞ்சிருக்கு" என்றேன். அவர் திரும்பவே இல்லை. இரண்டாம் சுற்றுக்கு நான் குனிந்தேன். ஏதாவது சொல்வார் என்று காத்தேன். என் கையை, என் வழுக்கையை, செத்துப்போன என் அப்பாவை இழுத்திருந்தாலும் பந்தைப் போட்டிருப்பேன். இத்தனை வருடத்தில் அந்த வசவுதான் எனக்குத் தாளம். அவரோ பூசையில் மெழுகுவத்தி பிடித்தவர்போல் கோலைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை இல்லை. திருச்சி முழுக்க அடங்கிப்போன மாதிரி இருந்தது. என் பந்து குழியின் உதட்டில் நின்றுவிட்டது. அவர் பந்து விழுந்தது.

"தீந்துச்சு சம்பத்து" என்றார்.

அண்ணியிடம் போய்ச் சொன்னேன். அழவில்லை. "ரெண்டு பேரும் சேந்து விளையாடிட்டு வந்திருக்கீங்க. இதுல நான் எங்க இருக்கேங்க?" என்று கேட்டார். காபியைக் குடித்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு நம்மில் ஒருவரும் ஆஸ்பத்திரி என்ற சொல்லை அவர் முன்னால் எடுக்கவில்லை. அவ்வளவு யோக்கியர்கள் நாம்.

கடைசியாக அவர் கிளப்புக்கு ஆட்டோவில் வந்தார். கோலைத் தூக்கத் தெம்பில்லை. நாற்காலியில் உட்கார்ந்து நான் தனியாக அடிப்பதைப் பார்த்தார். ஸ்பாட் வைத்து அடித்தேன், சுத்தமாக விழுந்தது.

"அன்னைக்கு இப்படி அடிச்சிருக்கக் கூடாதா?" என்றார், மெதுவாக.

"இப்பவே திரும்பப் போடுவோமாண்ணே?"

"ஸ்பாட்டுக்கு ஏதுடா ரெண்டாம் ஆட்டம்."

அதற்குள் டாக்டரும் அதையேதான் வேறு வார்த்தையில் சொல்லியிருந்தார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு கேள்விதான். உள்ளுக்குள் பயந்து, தோற்றுப்போய் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றுதான் அன்று ஆட வந்தாரா? இல்லை, நாற்காலியிலிருந்து அதைக் கேட்டு, நான் அடுத்த பந்தை விடவேண்டும் என்பதற்காகக் கடைசியாக ஒரு முறை என் கையைத் தடுமாறவைத்துப் பார்த்தாரா? எனக்குத் தெரியவில்லை. அடுத்த பந்தை விட்டேன். அன்றிலிருந்து எல்லாப் பந்தையும் விட்டுக்கொண்டிருக்கிறேன்.