மணி அடிக்கும் வரை

பேராவூரணி மாதா கோயிலில் அணைந்த மெழுகுவர்த்தியின் புகை மூக்கில் ஏறும்போதெல்லாம், ஐந்தாம் வகுப்பில் பள்ளியிலிருந்து நாங்கள் தியானத்துக்குப் போய்த் தங்கிய, பின்னாளில் புயல் கொண்டுபோன வேதாரண்யத்து ஓட்டுக் கட்டடமும் அதன் உப்புக்காற்றும் ஈரப்பாயும் திரும்பி வந்துவிடுகின்றன.

"மணி அடிக்கிற வரைக்கும் யாரும் வாயத் திறக்கக் கூடாது. அதுதான் யேசுவுக்கு நீங்க குடுக்கிற காணிக்கை" என்றார் எங்களைக் கூட்டிப்போன சிஸ்டர்.

யேசு சிலுவை சுமந்ததை நினைத்துத் தோப்பில் சிலுவைப்பாதை நடக்கையில் காலில் ஏதோ தீண்டியதை என் பக்கத்தில் வந்த ஸ்டெல்லா சொல்லவேயில்லை. அவள் அழுதது பக்தியால் என்றே நினைத்தோம்.

ஊர்க்காரர்கள் கேசரியோடு காத்திருக்க, மணி அடித்ததும் அத்தனை பேரும் கத்தினோம். அவள் மட்டும் சுவரில் சாய்ந்திருந்தாள்.

"ஸ்டெல்லா, பேசலாண்டி, மணி அடிச்சாச்சு" என்று உலுக்கினேன். தலை ஒருபக்கம் சரிந்தது; கணுக்காலில் இரண்டு பல்தடங்கள்.

இன்றும் எந்தக் கோயில் மணி அடித்தாலும் அதையேதான் சொல்கிறேன், உதடு அசையாமல்.