தேடினேன் என்று ஒரு வரி

அமெரிக்காவில் சம்பளம், வயது, எடை ஆகிய மூன்றையும் யாரிடமும் கேட்கக் கூடாது என்று வந்த புதிதில் ஒரு நண்பர் எனக்குப் பாடமே எடுத்தார். ஆனால் சனிக்கிழமை காலை லிவர்மோரின் சின்ன விமானத் தளத்தில் போய் நின்றால் முதல் கேள்வியே எடைதான். மூன்று பேர் போகும் சிறிய விமானம். எல்லோருடைய எடையையும் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் எரிபொருள் நிரப்புவார்கள். முதல் தடவை வெட்கப்பட்டுப் பத்து பவுண்டு குறைத்துச் சொன்னேன். தேடுதலை ஒருங்கிணைக்கும் கேரல் என் வயிற்றை ஒரு பார்வை பார்த்தார். அவராகவே பத்து பவுண்டைக் கூட்டி எழுதிக்கொண்டார்.

இது ராணுவம் இல்லை. காணாமல் போன சிறு விமானங்களைத் தேடப் போகும் சாதாரண ஜனங்களின் தன்னார்வ அமைப்பு. சீருடை மட்டும் விமானப் படையினுடையதைப் போலவே இருக்கும். பிள்ளைகளுக்கு அணிவகுப்பும் விமானப் பாடமும் உண்டு. என் மகள் நிலாதான் முதலில் சேர்ந்தாள். அவளை இறக்கிவிட்டு நான் காரிலேயே உட்கார்ந்து ஆபீஸ் மெயில் பார்த்துக்கொண்டிருப்பேன். கேரல் ஒருநாள் கண்ணாடியைத் தட்டி, "கிரீன் கார்டு இருக்கிறதா? கண் நன்றாகத் தெரியுமா? அப்படியானால் உள்ளே வா" என்றார். கேரலுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு, பல் மருத்துவமனை ஒன்றில் வேலை. நிலா இரண்டே வருடத்தில் வாலிபாலுக்கு ஓடிவிட்டாள். "அப்பா, யூ ஆர் ஸ்டில் கோயிங்?" என்று இப்போதும் கேட்பாள். ஏன் போகிறேன் என்று அவளிடம் நான் சொன்னதில்லை.

எனக்கு ஒரே அண்ணன், குமரேசன். உடுமலைப்பேட்டையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தான். ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு காலையில் கடைக்குப் போகிறேன் என்று கிளம்பியவன் கடைக்குப் போகவில்லை. நான்காம் நாள் பழனி பேருந்து நிலைய வண்டி ஸ்டாண்டில் அவன் பைக் கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை. அண்ணி போன் செய்து அழுதார். அப்போது என் விசா நீட்டிப்பு பாதியில் நின்றுகொண்டிருந்தது. நாட்டை விட்டுப் போனால் திரும்பி வர விசா முத்திரை குத்துவார்களா என்பது நிச்சயமில்லை. "லீவு கிடைக்கல அண்ணி, ரெண்டு வாரத்துல வந்துடறேன்" என்று பொய் சொன்னேன். போனது பதினான்கு மாதம் கழித்து. அதற்குள் அண்ணி ஒரு போட்டோவைப் பையில் வைத்துக்கொண்டு மடங்கள், ஆஸ்பத்திரிகள், பிணவறைகள் என்று தனியாகவே அலைந்து முடித்திருந்தார். ஊரில் இருந்த மூன்று வாரத்தில் உறவுக்காரர் வீடுகளுக்கெல்லாம் போனேன். பழனிக்கு மட்டும் போகவில்லை. பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

போன கோடையில் அண்ணியிடமிருந்து மெயிலில் ஒரு பிரமாணப் பத்திரம் வந்தது. அண்ணன் இறந்துவிட்டதாக நீதிமன்றம் அறிவிக்க வேண்டும், அதற்கு உடன்பிறந்தவன் சத்தியம் செய்ய வேண்டும். எந்தப் படிவத்தை எடுத்தாலும் கணவர் என்ற இடத்தில் பேனா நின்றுவிடுகிறது என்று அண்ணி எழுதியிருந்தார். பத்திரத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஒரு வரியைத் தவிர. 'மேற்படி நபரை நான் பல இடங்களுக்கும் நேரில் சென்று தேடியும் எந்தத் தகவலும் கிடைக்கவில்லை.' அச்செடுத்த தாளை மேசை இழுப்பறையில் போட்டு மூன்று வாரம் பூட்டிவைத்தேன்.

அந்த நாட்களில்தான் ஒரு விமானம் காணாமல் போனது. விமானி ஒருவர் மட்டும் அதில் இருந்தார். லிவர்மோருக்குத் தெற்கே உள்ள மலைகளைப் பட்டை பட்டையாகப் பிரித்து எங்களுக்கு ஒரு பகுதியைக் கொடுத்தார்கள். பின்னிருக்கையில் உட்கார்ந்து வலப்பக்க ஜன்னல் வழியே கீழே பார்ப்பது என் வேலை. காய்ந்த மஞ்சள் புல், ஓக் மரம், மறுபடி மஞ்சள் புல். நான் தேடுவது விமானத்தை மட்டுமல்ல என்பது எனக்கு எப்போதும் தெரியும். அண்ணன் கால் படாத மலை அது. ஆனாலும் ஒவ்வொரு சரிவிலும் அவன் நடந்து போய்க்கொண்டிருப்பான். அன்று அவன் நின்றான். வெள்ளை வேட்டியோடு, ஒரு மரத்தடியில், அண்ணாந்து பார்த்தபடி. "ஆள், வலப்பக்கம், ஒரு ஆள்" என்று மைக்கில் சொல்லிவிட்டேன். எங்கள் விமானி டேவ் திருப்பி இரண்டு வட்டம் அடித்தார். வேலியில் சிக்கிய பெரிய பிளாஸ்டிக் தாள் காற்றில் எழுந்து எழுந்து விழுந்தது. எரிபொருள் குறைந்ததால் கடைசி இரண்டு பட்டைகளைப் பார்க்காமலே திரும்பினோம்.

கேரல் கோபப்படவில்லை. என்ன பார்த்தாய் என்றுகூட அதிகம் கேட்கவில்லை. வரைபடத்தை விரித்து, "எதைப் பார்க்கவில்லை? அதைச் சொல்" என்றார். அந்த இரண்டு பட்டைகளையும் மேலோட்டமாகப் பார்த்ததாக எழுதலாமே என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "நீ பார்த்ததாக எழுதினால் அங்கே வேறு யாரும் போக மாட்டார்கள்" என்றார். மறுநாள் வேறொரு குழு போய் அந்த இரண்டையும் பார்த்தது. அங்கே எதுவும் இல்லை. ஆனாலும் போய்ப் பார்த்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை காலை, பயிற்சிக்காகச் சீருடை மாட்டிக்கொண்டு கிளம்பும் முன், அண்ணிக்குப் போன் போட்டேன். அங்கே இரவுச் சாப்பாடு முடிந்திருந்தது.

"அந்த வரி வேண்டாம் அண்ணி. நான் தேடல. லீவு இல்லேன்னு சொன்னதும் பொய். விசா போயிடும்னு பயந்துட்டேன்."

"தெரியுமுங்க தம்பி" என்றார் அண்ணி. "எனக்கு அப்பவே தெரியும்."

"இப்ப வரட்டுமா? பழனியில இருந்து ஆரம்பிச்சு..."

"இப்ப வந்து எங்கீங்க தேடுவீங்க? அங்க மொகந்தெரியாதவங்களையெல்லாம் ஏரோப்ளேன்ல போயித் தேடறீங்களாமா, நிலா சொல்லுச்சு." அதில் குத்தல் இல்லை. குத்தல் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவரே தொடர்ந்தார். "நீங்க வந்திருந்தா கெடைச்சிருப்பாருன்னு நான் சொல்லலீங்க. அந்தப் பொணவறை வாசல்ல கூட நிக்கறதுக்கு ஒரு ஆள் இருந்திருக்கும். வக்கீலு அந்த வரி வேணும்ங்கறாரு. கையெழுத்தப் போட்டு அனுப்பிடுங்க தம்பி. நான் தேடுனதெல்லாம் போதும். எனக்கு முடிச்சுக்கோணும்."

பயிற்சி முடிந்ததும் சீருடையோடு நேராக நோட்டரியிடம் போனேன். பார்சல் அனுப்பும் கடை ஒன்றின் மூலையில் ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அழகான எழுத்து, இது என்ன மொழி?" என்றார். தமிழ் என்றேன். வலது கையை உயர்த்தச் சொன்னார். இதில் எழுதியிருப்பது எல்லாம் உண்மை என்று சத்தியம் செய்கிறீர்களா? உயர்த்திய கை அமெரிக்கச் சீருடையில் இருந்தது. இடது கை தாளின் மேல், அண்ணன் பெயரின் மேல் இருந்தது. இனி அவனைத் தேடி யாரும் போக மாட்டார்கள் என்று தெரிந்தே, ஆமாம் என்றேன். கையெழுத்துப் போட்டேன்.

அவர் முத்திரை குத்தித் தாளை நீட்டினார். என் சட்டையைப் பார்த்து, விமானப் படைக்காரன் என்று நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். எழுந்து நின்று, இங்கே படைவீரர்களிடம் சொல்வதுபோல், உங்கள் சேவைக்கு நன்றி என்றார்.