ரங்கெல் சுட்ட ரொட்டி

குதிரைக் கஷ்கொட்டை மரம் என்றாலே வெலிகாவுக்குக் குமட்டும். பல்கேரியாவின் பிரெஸ்லாவ் மலையடிவாரத்தில் சின்ன ஊர். அங்கே நகராட்சிப் பூங்காவில் பத்தொன்பது வருஷமாக அந்த மரங்களுக்குக் கீழே தோட்டவேலைதான் அவள் பிழைப்பு. ஜூலை வந்தால் இலைக்குள் புகுந்து தின்னும் பூச்சியால் மரம் முழுக்கத் துருப்பிடித்தாற்போல் ஆகிவிடும். "விஷத்த ஊத்தி மரத்தக் கொன்னுட்டீங்களே!" என்று போகிறவர் வருகிறவரெல்லாம் அவளை ஏசுவார்கள். மரம் சாகவில்லை, வசந்தத்தில் மறுபடி பூக்கும் என்று சொல்லிச் சொல்லி அலுத்து, இப்போதெல்லாம் இலையைக் கூட்டி எரிப்பதோடு சரி.

காய் விழும் காலம் இன்னும் மோசம். வாதம் போகும் என்று சிலர் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்கள். சிலந்தி அண்டாது என்று கட்டிலடியில் பரப்புவார்கள். பூங்காக் கொட்டகையில் கிடந்த காய் மூட்டையின் மேலேயே சிலந்தி வலை பின்னி முட்டையிட்டிருந்ததை அவள் பார்த்திருக்கிறாள்.

அவள் கணவன் கோச்சோவின் அண்ணன் ரங்கெலுக்கு எல்லாம் தெரியும். யாரும் நடாமல் மலையில் தானாக வளர்ந்து நிற்கிற இந்த மரத்தையே இந்தியாவிலிருந்து வந்தது என்று சாதிப்பவன்.

நவம்பர் எட்டு அவனுடைய பெயர்நாள், அவன் பெயருக்குரிய தேவதூதரின் திருநாள். அழைக்காமலே உறவு கூடும். வெலிகா தான் உறை ஊற்றிய தயிரோடு போனாள். மேஜை நடுவில் பழுப்பாக ஒரு ரொட்டி.

"கஷ்கொட்டை மாவு! நானே பொறுக்கி, நானே இடிச்சு, நானே சுட்டது" என்றான் ரங்கெல்.

"எங்க பொறுக்குனீங்க அத்தான்?"

"உன் பூங்காவுலதான். நீதான் அருமை தெரியாமக் கூட்டித் தள்ளுறியே."

"ஐயோ, அது குதிரைக் கஷ்கொட்டை! தின்னுறது வேற மரம். அதோட தோட்டுல ஊசி ஊசியா முள்ளு அடைஞ்சிருக்கும், கொட்டைக்கு நுனி கூரா இருக்கும். இது மொழுமொழுன்னு உருண்டை. விஷம் அத்தான்."

"குதிரைக்கே இருமல் மருந்து அது. மனுசனுக்கு ஆகாதா?"

"நெறையத் தின்னா குதிரையே தள்ளாடி விழும்."

"ஏன்டி, நல்ல நாளும் அதுவுமா! பேசாமச் சாப்பிடு" என்று கோச்சோ அதட்டினான்.

ஒரு விள்ளலை நாக்கில் வைத்தாள். சோப்புக்கட்டியைக் கடித்தாற்போல் ஒரு கசப்பு. துணியில் துப்பினாள். சுற்றிலும் எல்லோரும் மென்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் கண்ணில் நீர் முட்ட, ராக்கியாச் சாராயத்தை மடக்கென்று குடித்து, "பிரமாதம் ரங்கெல்!" என்றார். ரங்கெலின் மனைவி சாவ்கா, கணவன் பார்வை தன் மேலேயே இருந்ததால், மூன்று துண்டு விழுங்கினாள். அந்த அசையும் தாடைகளைப் பார்க்கப் பார்க்க வெலிகாவுக்குக் கசப்பைவிட அருவருப்பு மேலோங்கியது.

கொஞ்ச நேரத்தில் வேலியோரம் வரிசையாக வாந்தி. பிரமாதம் என்றவர் தன் தொப்பிக்குள்ளேயே எடுத்தார். கோச்சோ சாக்கடையோரம் மண்டியிட்டிருந்தான். சாவ்காவை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில், "தம்பி பொண்டாட்டி கொண்டாந்த தயிரு, டாக்டர்" என்றான் ரங்கெல் கூசாமல். உறவெல்லாம் தலையாட்டியது.

"கொஞ்சம் புளிச்சுதான் இருந்துச்சு" என்றான் கோச்சோவும்.

வெலிகா பையிலிருந்து மிச்ச ரொட்டியை எடுத்து டாக்டர் முன்னால் வைத்தாள். அவர் பிட்டு முகர்ந்தார்.

"இத யாரு சுட்டது?"

கட்டிலில் கிடந்த சாவ்கா கையைத் தூக்கிக் கணவனைக் காட்டினாள். "இவருதான். மாவ ஊறவச்சப்பவே சோப்பு மாதிரி நுரைச்சுது. சொன்னேன், கேக்கல."

மூன்றாம் நாள் சாவ்கா வீடு திரும்பினாள். அடுத்த வாரமே ரங்கெல் தம்பி வீட்டு வாசலில் நின்று, இன்னும் நாலு தண்ணீர் மாற்றியிருந்தால் கசப்பு போயிருக்கும் என்று ஆரம்பித்தான். வெலிகா கதவை அவன் முகத்துக்கு நேரே சாத்தினாள்.

"அவரு மூத்தவருடி" என்றான் கோச்சோ.

"அப்ப நீயும் அங்கயே போய்த் தின்னு" என்று, அவன் முன்னால் வைத்த தட்டை எடுத்துப் போய்விட்டாள்.