ஸ்டியரிங்கில் இருந்த தோல்

வக்கீல் வீட்டுக் காரின் ஸ்டியரிங்கில் தோல் சுற்றியிருந்தது. அந்த வண்டியை முதலில் வைத்திருந்தவர் மலையில் தேயிலைத் தோட்டம் பார்த்த ஒரு துரை. மர வளையம் வெயிலில் வெடித்துப்போனதால், குதிரைச் சேணம் தைக்கிற ஒருவரைக் கொண்டு மாட்டுத்தோலில் உறை தைத்துப் போட்டிருந்தார். துரை சீமைக்குத் திரும்பிப் போனபோது வண்டி கரமனையில் இருந்த வக்கீலிடம் வந்தது. அதை ஓட்டுவதற்கு நான் வந்தேன்.

அந்த வீட்டில் தோல் ஆகாது. தொட்டுவிட்டால் குளித்த பிறகுதான் பூஜை அறைக்கோ அடுக்களைக்கோ போகலாம். வக்கீல் கோர்ட்டுக்கு ஜோடு போட்டுக்கொண்டுதான் போவார். அது காலோடு போய்விடும். ஷெட்டிலேயே கழற்றிவிட்டுக் கால் அலம்பிக்கொண்டு வீட்டுக்குள் நுழைவார். கை அப்படி இல்லை. வண்டியின் ஸீட்டும் தோல்தான். அதற்கு வீட்டம்மா ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். துவைத்த வெள்ளைத் துணியில் உறை தைத்து, வெள்ளிக்கிழமை தோறும் மாற்றச் சொல்வார். ஸ்டியரிங்குக்கு மட்டும் அந்த வழி சரிப்படவில்லை. துணி சுற்றினால் வழுக்கியது. ஆகவே ஸ்டியரிங் என் ஒருவனுக்கே உரியதாயிற்று.

அந்த வீட்டிலிருந்து எதை வாங்குவதானாலும் நான் ஷெட்டுக்குப் பின்னால் உள்ள கிணற்றில் கை அலம்ப வேண்டும். அம்மா காப்பியைக் கொண்டு வந்து தூணருகில் நின்றுகொண்டு, "கை அலம்பினாயோ?" என்று கேட்பார். நான் ஈரக் கையைக் காட்டுவேன். எத்தனையோ வருஷம் தினந்தோறும் இந்தக் கேள்வியும் இந்த ஈரக் கையும்தான் எங்களுக்குள் நடந்த பேச்சு. எனக்கு அது போதுமானதாக இருந்தது. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நாலு பேருக்கு முன்னால் வாய் எழும்பாது. வண்டி ஓட்டுகிறவனிடம் யாரும் பேச்சை எதிர்பார்ப்பதில்லை என்பதற்காகவே இந்த வேலையை விரும்பினேன்.

எனக்கு இருந்த ஒரே சிநேகிதன் ஆரியசாலையில் மொத்தக் கடை வைத்திருந்த ஒருவரின் காரை ஓட்டியவன். நாகர்கோயில் பக்கத்து ஆள். எனக்கும் சேர்த்து அவனே பேசுவான்.

"மக்கா, ஒனக்குச் சோறு போடது வக்கீலுன்னா நெனச்சிட்டு இருக்க? அந்தச் செத்த மாடாக்கும் போடுது. அந்தத் தோலு இருக்க வரைக்கும் ஒரு ஐயரு சாமியும் அந்த வளையத்துல கை வைக்க மாட்டாரு" என்பான்.

நான் சிரித்துக்கொள்வேன். அவன் அதைப் பல தடவை சொல்லியிருக்கிறான். ஒரு தடவையாவது நின்று யோசித்தேனா என்றால் இல்லை.

அவன்தான் ஒரு நாள் சர்க்கார் பஸ் செய்தியையும் கொண்டு வந்தான். "சர்க்காரே பஸ்ஸு விடப்போறாவளாம். டிரைவர் எடுக்காவ. வா, ரெண்டு பேருமாப் போய்ப் பேரு குடுப்போம். வயசான காலத்துக்கும் ஒரு வழி ஆச்சுல்லா?"

எனக்கும் ஆசை இருந்தது. வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கும் பெண் இருந்தாள். தனியார் வீட்டு டிரைவருக்கு நாளை என்பது எஜமானரின் முகத்தைப் பொறுத்தது. ஆனால் கேட்காமல் போவது முறையாகப் படவில்லை. கோர்ட்டிலிருந்து திரும்பும் வழியில், கிள்ளிப்பாலத்தில் மாட்டு வண்டிகளுக்குப் பின்னால் நின்றிருந்தபோது, முன்னால் பார்த்தபடியே விஷயத்தைச் சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

வண்டிகள் நகர்ந்த பிறகு வக்கீல் சொன்னார்.

"பஸ்ஸா? நித்தமும் ஊர்ப்பட்ட ஜனத்தோட கத்திண்டு கிடக்கணும். உனக்காவுமா அது? ஒருத்தன் கண்ணைப் பார்த்துப் பேச மாட்டாய் நீ."

நான் கியரை மாற்றினேன்.

"இங்கே பாரு. நீ எங்காத்து மனுஷனாக்கும். இந்த வண்டி உள்ள காலம் வரைக்கும் இதை வேறொருத்தன் தொட மாட்டான். போறுமா?"

"போதும் சாமி" என்றேன்.

சிநேகிதன் பஸ்ஸுக்குப் போனான். காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு முதல் தடவை கரமனைப் பாலத்தில் எனக்கு எதிரே வந்தபோது, வேண்டுமென்றே ஹாரனை நீட்டி அடித்துவிட்டுப் போனான். எனக்குப் பொறாமை வரவில்லை. என்னிடம் ஒரு வாக்கு இருந்தது.

அந்த வருஷம் வைகாசி பாதியில் தொடங்குகிற இடவப்பாதி மழை விடாமல் பெய்தது. ஸ்டியரிங்கின் தோல் அந்த மழையில்தான் கெட்டது. முதலில் மேல்பக்கம் பாளம் பாளமாக வெடித்தது. பிறகு வெடிப்பின் ஓரங்கள் சுருண்டு பொடியாக உதிர்ந்தன. ஈரம் ஏறியதும் கறுப்பாக ஒரு பசை கசிந்தது. இந்த ஊரில் எது வறண்டாலும் தேங்காயெண்ணெய்தானே. நானும் தடவிப் பார்த்தேன். பிசுபிசுப்பு அதிகமானதுதான் மிச்சம். காலையில் ஷெட்டைத் திறந்தால் தோலின் மேல் வெள்ளையாகப் பூசணம் பூத்திருக்கும். துடைத்துவிட்டு வண்டியை எடுப்பேன். வஞ்சியூர் கோர்ட்டுக்குப் போய்ச் சேரும்போது உள்ளங்கைகள் கரி அள்ளினவை போல இருக்கும்.

ஒரு நாள் கோர்ட்டு வாசலில் வக்கீல் இறங்கும்போது சேற்றில் கால் வழுக்கிவிட்டது. நான் ஓடிப்போய்த் தோளைப் பிடித்தேன். அவர் விழவில்லை. ஆனால் மேல்வேஷ்டியில் என் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்துவிட்டன. அங்கே நின்ற இன்னொரு வக்கீல் பார்த்துவிட்டார்.

"என்ன ஓய், எதிர்க்கட்சிக்காரன் கைரேகை வச்சு அனுப்பிட்டானா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. வக்கீலும் சிரித்தார். மேல்வேஷ்டியை மடித்து உள்பக்கமாகப் போட்டுக்கொண்டு படியேறினார். ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. அன்றைக்கு அவர்மேல் எனக்கு இருந்த மதிப்பு இரண்டு மடங்காயிற்று.

மாலையில் வீடு வந்ததும் நானே சொன்னேன்: "சாலைக் கடைத்தெருவுல நல்லாத் தைக்கிற ஆளு இருக்காரு சாமி. புதுத் தோல் போட்டுடலாம்."

"தோல் வேண்டாம்" என்றார். "அதை அறுத்துக் களை. நூல் கயிறு இருக்கோல்லியோ, அதைச் சுத்திடு. வழுக்காது. ரொம்ப நாளா எனக்கு அப்படி ஒரு யோசனை உண்டு."

நான் தயங்கி நிற்பதைப் பார்த்து, குரலைத் தணித்துக்கொண்டு மேலும் சொன்னார்.

"அம்மாவும் உன்னைக் கை அலம்பு, கை அலம்புன்னு துரத்த வேண்டாம், கேட்டியா. கோயில்லேருந்து வரச்சே பிரசாதத்தை நேரா உன் கையிலேயே தந்தூடலாம். உனக்காகவுமாக்கும் சொல்றேன்."

எனக்காக என்று அந்த வீட்டில் யாரும் எதையும் யோசித்ததாக அதற்கு முன்பு எனக்குத் தெரியாது. அன்று நான் வீட்டுக்கு நடந்து போகும்போது மழை பெய்தது. குடையை விரிக்க மறந்து பாதி தூரம் போய்விட்டேன்.

இங்கே வக்கீலின் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் மதராஸில் ஏதோ கம்பெனியில் இருந்தவர். அங்கே கம்பெனிக் காரைத் தாமே ஓட்டிப் பழக்கம். இங்கே சர்க்கார் ஆபீசில் உத்தியோகமாகி, மாமனார் வீட்டோடு வந்து தங்கியிருந்தார். வந்த புதிதில் ஒரு நாள் ஷெட்டுக்கு வந்து, என் இடத்தில் உட்கார்ந்து, ஸ்டியரிங்கை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். அம்மா அதை அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். மாப்பிள்ளையை அதட்ட முடியுமா? "தோலைத் தொட்டுட்டேளே. வெந்நீர் போடச் சொல்றேன், குளிச்சுட்டு வந்தூடுங்கோ" என்றார். மத்தியானம் ஒரு தடவை குளித்திருந்த மனிதர் மறுபடி குளித்தார். அதற்குப் பிறகு ஷெட்டுப் பக்கம் வரவில்லை.

கோர்ட்டு விடுமுறை நாட்களில் கயிறு சுற்றும் வேலையைச் செய்தேன். முதலில் பிளேடால் தையலை அறுத்தேன். தோல் ஒரே வளையமாகக் கழன்று வந்தது. நான் வழக்கமாகக் கை வைக்கிற இரண்டு இடங்களிலும் அது பள்ளமாகி, என் விரல்களின் தடத்தோடு தேய்ந்திருந்தது. அடியில் மரம் வெளிறிக் கிடந்தது. வெடிப்புகளை அரக்கு வைத்து அடைத்து, உப்புத்தாளால் தேய்த்தேன்.

சாலைக் கடைத்தெருவில் முறுக்கான பருத்திக் கயிறாகப் பார்த்து வாங்கினேன். அதை ஊறவைத்து வெயிலில் காயப்போட்டு, சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கிய பிறகுதான் சுற்றத் தொடங்கினேன். ஒரு சுற்றின்மேல் இன்னொரு சுற்று ஏறக் கூடாது. இடைவெளியும் விழக் கூடாது. ஸ்டியரிங்கின் நடுவிலிருந்து கம்பி வந்து வளையத்தில் சேரும் இடங்களில் குறுக்காகக் கொண்டுபோய்த் திருப்ப வேண்டும். விரல்கள் வெட்டுப்பட்டன. கடைசி நுனியை ஒரு கம்பியின் அடியில், சுற்றுகளுக்கு உள்ளே செருகி, எங்கே முடிந்தது என்று கண்ணுக்குத் தெரியாதபடி மறைத்தேன். மேலே இரண்டு பூச்சு வார்னிஷ் அடித்தேன்.

மாப்பிள்ளை இப்போது அடிக்கடி வந்தார். வேலையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். வார்னிஷ் காய்ந்த அன்று ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். விரலை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"தோல் கொஞ்சமும் பாக்கியில்லையே?"

"சுத்தமா இல்ல சாமி."

"அடியிலே? தையல் ஓட்டையிலே, அங்கே இங்கே?"

"எல்லாத்தையும் தேய்ச்சு எடுத்தாச்சு."

"பலே" என்றார். முழுக் கையையும் வைத்து வளையத்தைப் பிடித்தார். இந்தத் தடவை அடுக்களை ஜன்னலிலிருந்து சத்தம் வரவில்லை. அவர் மெச்சியதில் எனக்குப் பெருமையாக இருந்தது. இன்றைக்கும் அந்தப் பெருமையை நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது.

விடுமுறை முடிந்து முதல் நாள் காலை ஷெட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. வண்டி இல்லை. திருட்டுப் போய்விட்டது என்று நினைத்து வீட்டு வாசலுக்கு ஓடினேன். அங்கே யாரும் பதறினதாகத் தெரியவில்லை. திரும்பி வந்து, ஷெட்டுக்குள் டயர்த் தடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தடம் நேராக, ஒழுங்காக வெளியே போயிருந்தது. ஓட்டத் தெரிந்தவர்தான் எடுத்துப் போயிருக்கிறார் என்று புரிந்தது.

கொஞ்ச நேரத்தில் வண்டி வந்தது. மாப்பிள்ளை ஓட்டிக்கொண்டு வந்தார். பின் ஸீட்டைத் தவிர வேறெங்கும் உட்காராத வக்கீல், அவருக்குப் பக்கத்தில் முன்னால் உட்கார்ந்திருந்தார். அம்மா பின்னால், மடியில் பிரசாதத் தட்டுடன். கோட்டைக்குள் கோயிலுக்குப் போய்விட்டு வந்திருக்கிறார்கள். மாப்பிள்ளை இறங்கி நேராக வீட்டுக்குள் போனார். குளிக்கப் போகவில்லை. பூஜை அறையில் மணிச் சத்தம் கேட்டது.

வக்கீல் என்னிடம் வந்தார்.

"நீ வந்தாச்சா? சொல்லணும்னு இருந்தேன். இனிமே மாப்பிள்ளையே ஓட்டிக்கறேங்கறார். எனக்கும் வயசாயிடுத்து, ஆத்து மனுஷா கையிலே வண்டி இருந்தா ஒரு தைரியமாக்கும்."

ஆத்து மனுஷன். அந்த வார்த்தையை அவர் எனக்குத் தந்திருந்ததே அவருக்கு நினைவில்லை.

"சாமி, வேற யாரும் தொட மாட்டாங்கன்னு..." அவ்வளவுதான் வந்தது.

"தோல் உள்ளவரைக்கும் வேற யாரு தொடறது? இப்போ அது போயாச்சு. அதுக்குத்தானே உன்னைக் கயிறு சுத்தச் சொன்னேன்" என்றார். ஒளிக்க வேண்டியது எதுவும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. வண்டி உள்ள காலம் என்று தந்த வாக்கைத் தோல் உள்ளவரைக்கும் என்று மாற்றி, கோர்ட்டில் ஒரு சட்ட நுணுக்கத்தைச் சொல்வது போலச் சொன்னார். பிறகு ஏதோ நல்லது சொல்ல வேண்டும் என்று நினைத்திருப்பார். "நீ பேடிக்காண்டாம், பயப்பட ஒண்ணுமில்லே. சர்க்கார் பஸ்ஸுக்கு ஆள் எடுக்கறாளே, அங்கே போய்க் கேளேன். நான் சொன்னேன்னு சொல்லு."

அங்கே ஆள் எடுத்து முடித்து வெகுநாள் ஆகியிருந்தது. அது அவருக்கும் தெரியும். கிள்ளிப்பாலத்தில் நான் சொன்னதை அவர் மறந்திருந்தால் ஒருவேளை எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. பஸ்ஸைப் பற்றிச் சொல்லும்போது அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை. மறக்கவில்லை என்று அதில்தான் தெரிந்துகொண்டேன்.

உள்ளே போகத் திரும்பியவர் நின்றார். "அந்தக் கயிறு அவிழ்ந்தா எங்கேருந்து இறுக்கணும்? நுனியே தெரியலையேன்னு மாப்பிள்ளை கேட்டார்."

வண்டிக்குள் குனிந்து, கம்பியின் அடியில் நுனி இருந்த இடத்தை விரல் வைத்துக் காட்டினேன். காட்டாமல் வந்திருக்கலாம் என்று பின்னால் பல தடவை தோன்றியிருக்கிறது. அந்த நேரத்தில் எனக்கு அது தெரியவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்லியே பழகியவன்.

அம்மா காப்பியோடு தூணருகில் வந்தார். கூடவே இலைத்துண்டில் பிரசாதம். நான் ஷெட்டைச் சுற்றிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன்.

"இனிமே கை அலம்ப வேண்டாமே" என்று அம்மா பின்னாலிருந்து சொன்னார். அவருக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. "அப்படியே வாங்கிக்கோ, தோஷமில்லே."

நான் நிற்கவில்லை. வாளியை இறக்கித் தண்ணீர் சேந்தி, இரண்டு கைகளையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். தண்ணீர் கறுக்கவே இல்லை. தெளிவாக ஓடி வாழைக்குப் பாய்ந்தது. கையை வேஷ்டியில் துடைத்துக்கொண்டு, தூண் இருந்த பக்கம் போகாமல், கிணற்றுக்கு அந்தப் புறம் இருந்த சின்ன வாசல் வழியாகத் தெருவுக்கு வந்துவிட்டேன்.