தட்டிச் சுவருக்கு இந்தப் பக்கம்

என் மூத்த பையன் பிறந்தபோது தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் இருந்தோம். அறுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு அம்மா இல்லை, அதனால் பிரசவம் பார்த்ததெல்லாம் மாமியார்தான். பிள்ளை மொழுமொழுவென்று இருந்தான். வந்தவர்கள் எல்லாரும் கொஞ்சினார்கள். எனக்கு மட்டும் அவனைத் தூக்கினால் யார் வீட்டுப் பிள்ளையையோ தூக்கியதுபோல இருந்தது. இதை வெளியே சொன்னால் நீ தாயா பேயா என்பார்கள், பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தப் பயத்தில் வாயை மூடிக்கொண்டு அழுதுகொண்டே இருந்தேன்.

மாமியார் மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டார். நெடியே வரவில்லை, அவ்வளவு கண்ணு பட்டிருக்கிறது என்றார். நாங்கள் எல்லாரும் இருமிக்கொண்டிருந்தோம்.

கடைசியில் சுரங்க ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் போனோம். மாத்திரை தருவார் என்று பார்த்தால், தினமும் சாயந்திரம் நான் மனசில் இருப்பதைப் பேச வேண்டும், கணவர் குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும், வேறு யாரும் கூட இருக்கக் கூடாது என்றார். இதுக்கா டோக்கன் வாங்கி உட்கார்ந்தோம் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

ஆனால் மாமியாருக்கு டாக்டர் வாக்கு தெய்வ வாக்கு. என் கணவர் ஷிஃப்ட் முடிந்து வந்ததும், மாமியார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவார். லைன் வீடுகளுக்கு நடுவே இருக்கும் சுவர் மூங்கில் தட்டியில் மண் பூசியது, கூரை வரைக்கும்கூட எட்டாது. இங்கே தும்மினால் அங்கே நூறு சொல்வார்கள். இது எங்கள் மூன்று பேருக்கும் ஏன் தோன்றவில்லை என்று இன்றுவரை விளங்கவில்லை. தனியாக என்றார்கள், கதவைச் சாத்தினோம், அவ்வளவுதான்.

முதல் நாள் பத்தியக் குழம்பைத் திட்டினேன். பூண்டைக் கண்டாலே குமட்டுகிறது என்றேன். மறுநாள் குழம்பில் பூண்டைத் தேட வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டு ரேடியோவைத் திட்டினேன், அதுவும் அடங்கிவிட்டது. ஆகா, இன்னா வைத்தியம்டா இது என்று அசந்துபோனேன். இவர் மட்டும் டீ டம்ளரைப் பிடித்தபடி தலையாட்டுவார். பாதி நேரம் அது தூக்கம்.

அந்தத் தைரியத்தில் ஒரு நாள் சொல்லிவிட்டேன். "எனக்கு நம்ம புள்ளையப் புடிக்கல. பாசமே வரமாட்டேங்குது."

இவர் தூக்கம் கலைந்து விழித்தார். அப்போது தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து மாமியார் குரல் வந்தது.

"இதுக்காடி இப்படி அழுவுற? உம் புருசன் பொறந்தப்போ எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. மாசக்கணக்கா அவன் மூஞ்சியப் பாக்கவே புடிக்கல. யார்கிட்டயும் சொல்லல. அப்பறம் எப்போ புடிச்சுதுன்னு எனக்கே தெரியல."

பிள்ளையைத் தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "இப்பவும் சில நாள் புடிக்கல" என்றார்.

பேசக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. பாவம், என் கணவர் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். அவர் முகத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பிள்ளை பெற்றபிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்து முடித்ததும், பிள்ளையை இங்கே கொண்டுவரச் சொல்லிக் கத்தினேன்.