ஆட்டோவுக்குள் போகாத மாவுக்கட்டு

1. கேட்டில் நடந்த கூத்து

"அண்ணே, நீங்க போட்ட கட்டு ஆட்டோவுக்குள்ள போக மாட்டேங்குதாம். சீக்கிரம் வாங்க!"

வாட்ச்மேன் பிளாஸ்டர் ரூம் வாசலில் நின்று கத்தியபோது எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. முப்பத்தோரு வருடம் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டவன் நான். கட்டு இறுகிவிட்டது, நனைந்துவிட்டது, உடைந்துவிட்டது என்று ஆள் வந்ததுண்டு. ஆட்டோவுக்குள் போகவில்லை என்று அதுவரை ஒருத்தரும் வந்ததில்லை.

கேட்டுக்குப் போனால் திருவிழாக் கூட்டம். நடுவில் அபிநயா. ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. பிறவியிலேயே மூளை வாதம். இரண்டு காலும் இறுக்கம், வாக்கரைப் பிடித்துத்தான் நடப்பாள். அந்தப் பிள்ளைக்குத் தொடை எலும்பு முறிந்து, முந்தின நாள்தான் ஸ்பைகா போட்டிருந்தேன். ஸ்பைகா என்றால் வயிற்றிலிருந்து கால்வரை ஒரே கட்டு. இரண்டு காலையும் அகட்டி, நடுவில் ஒரு கட்டையும் வைத்துக் கட்டுவோம். கோணம் நூல் பிடித்தாற்போல் வந்திருந்தது. டாக்டரம்மாவே பாராட்டியிருந்தார்.

இப்போது நாலு பேர் அவளைத் தூக்கி ஆட்டோவுக்குள் நுழைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலை போனது, கால் போகவில்லை. காலை முதலில் விட்டால் கட்டை இடித்தது. வேடிக்கை பார்த்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். "கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க!" "டாப்பைக் கழட்டிருங்களேன்!" ஆட்டோக்காரர், "என் வண்டிய விட்ருங்க சாமி" என்று கும்பிட்டார்.

அபிநயா மட்டும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கேட்டாள்: "மாமா, நேத்து என்னைய மட்டும்தான் அளந்தீங்களா? ஆட்டோவ அளக்கலையா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. அவள் கேட்டது நியாயம்தான். எனக்கு ஏன் அது தோன்றவில்லை?

அவளுடைய அப்பா முருகையன், நெல் கொள்முதல் நிலையத்தில் லோடுமேன். வாழையிலைக் கட்டு இறக்கிவிட்டுத் திரும்பிய லோடு வண்டி ஒன்றை அவர் கைகாட்டி நிறுத்தினார். அதில் படுக்க வைத்தோம். மாவுக்கட்டு முழுசாக உலர இரண்டு நாள் ஆகும். அதுவரை விரலால் அழுத்தினால் குழி விழும், அந்தக் குழி உள்ளே தோலைப் புண்ணாக்கும். உள்ளங்கையால்தான் தாங்க வேண்டும். இத்தனை பேர் கைபட்டாயிற்று, வழியில் இன்னும் யாரும் அழுத்திவிடக் கூடாது. டூட்டியும் முடிந்திருந்தது. நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன்.

2. விழுந்த கதை

அம்மாப்பேட்டைப் பக்கம் அவர்கள் ஊர். வழியில், எப்படிம்மா விழுந்தே என்று கேட்டேன்.

"ஓடிப்பிடிச்சு வெளயாண்டோம் மாமா. கௌசி என்னைத் தொட வந்தா. நான் வாக்கரோட ஓடினேன், விழுந்துட்டேன். ஆனா அவுட் ஆகல. விழுந்தப்புறம்தான் தொட்டா."

"கேட்டீங்களா சார்? தொடை முறிஞ்சு கெடக்கு, அவுட் ஆகலையாம்!" என்று முருகையன் சிரித்தார். சிரித்த வாயோடு, "போதும் சார். இனிமே பள்ளிக்கூடமும் வேணாம், ஒண்ணும் வேணாம். வீட்லயே இருக்கட்டும்" என்றார்.

அபிநயாவின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். இரண்டு வருடம் அலைந்து கெஞ்சிச் சேர்த்த பள்ளிக்கூடம் என்று அவளுடைய அம்மா வீட்டில் வைத்து மெதுவாகச் சொன்னார். சேர்ந்த நாளிலிருந்து ஒரு நாள் லீவு கிடையாதாம்.

கோபித்துக்கொண்டு எழுந்து போகக்கூட முடியாத கட்டு அது. போட்டவன் நான்.

3. மூட்டையும் பிள்ளையும்

இரண்டு வாரம் கழித்து ரிவியூவுக்கு அதே லோடு வண்டியில் வந்தார்கள். டாக்டரம்மா எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "நல்லா கூடிட்டு வருது. குலுங்காம கொண்டுபோய்ச் சாய்ச்சு உக்கார வச்சா, பள்ளிக்கூடத்துக்கே போகலாம்" என்றார்.

அபிநயா அப்பாவைப் பார்த்தாள். அப்பா மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தார்.

எனக்குத்தான் மூக்குமேல் கோபமாயிற்றே. டாக்டரம்மா நகர்ந்ததும் முருகையனைப் பிடித்துக்கொண்டேன். "ஏன்யா, நாள் பூரா மூட்டை தூக்குற ஆளு நீ. இந்தப் பச்சப் புள்ளையக் கொண்டுபோக முடியாதா?"

"மூட்டை கிழிஞ்சா தைச்சுக்கலாம் சார்," என்றார். கண் நிறைந்துவிட்டது. "இவ மறுபடி விழுந்தா நான் என்ன செய்வேன்?"

நான் அப்படிக் கேட்டிருக்கவே கூடாது. வேறு ஒன்று கேட்டேன். "வகுப்பு வாசல் எவ்வளவு அகலம்?" யாருக்கும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். மாவுக்கட்டை அளந்தேன், வீட்டு வாசலை அளந்தேன், ஹெட்மிஸ்ட்ரஸைத் தொந்தரவு செய்து சாவி வாங்கி வகுப்பு வாசலையும் அளந்தேன். நாலு விரல் மிச்சம் இருந்தது. முருகையன் என் பின்னாலேயே வந்தார்.

கொள்முதல் நிலையத்தில் டயர் போட்ட தள்ளுவண்டி ஒன்று சும்மா கிடந்தது. கேட்டு வாங்கி, சாய்வுக்கு ஒரு பலகை அடித்தோம். மெத்தை போடலாம் என்றேன் நான். அப்போதுதான் முருகையன் வாயைத் திறந்தார்.

"மெத்தை அமுங்கிரும் சார். சாக்குல உமி போட்டா ஆளுக்குத் தக்கன உக்காந்துக்கும். குலுங்கவும் குலுங்காது."

கோணி ஊசியை எடுத்தார். ஒரு மணி நேரத்தில் மூன்று உமி மூட்டை தைத்து, மேலே பழைய வேட்டியைச் சுற்றிவிட்டார். பள்ளிக்கூடமே வேண்டாம் என்றவர் எதற்குத் தைக்கிறார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் ஊசியைக் கீழே வைத்துவிடுவாரோ என்று பயம்.

4. நெல்லை ஒதுக்குங்கடி

திங்கட்கிழமை சி.எல். லீவு போட்டுவிட்டுப் போனேன். மாசி மாதம், சம்பா அறுவடை நேரம். வாய்க்கால் கரை ரோட்டில் ஒரு பக்கம் குண்டும் குழியும், நல்ல பக்கம் பூராவும் நெல் காய்ந்தது. எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். பஸ்ஸே வந்தாலும் நெல்லை ஒதுக்க மாட்டார்கள், பஸ்தான் ஒதுங்கும்.

முருகையனும் அந்த வழக்கப்படி குழிப் பக்கமாகவே வண்டியைத் தள்ளினார். முதல் குழியிலேயே வண்டி தூக்கிப் போட்டது. அபிநயா "அய்யோ!" என்று அலறிவிட்டாள். முருகையன் முகம் வெளுத்துப்போனது. வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினார்.

"அப்பா, வலிக்கலப்பா! சத்தியமா வலிக்கலப்பா!" என்று அவள் கத்தினாள். அவர் காதில் வாங்கவில்லை. எனக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்றே தோன்றியது.

நெல் கிளறிக்கொண்டிருந்த ஓர் அம்மா நிமிர்ந்து பார்த்தார். "என்ன முருகையா, புள்ளைய எங்க திருப்பிட்டுப் போற?"

"குழில போனா குலுங்குதுக்கா. அந்தப் பக்கம் நெல்லு கெடக்கு."

"அட கூறு கெட்டவனே! வாயத் தொறந்து கேட்டா நெல்லு கோவிச்சுக்குமா?" என்றவர், ரோட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏய், நெல்லை ஒதுக்குங்கடி! அபிநயா பள்ளிக்கூடம் போவுது!"

அடுத்த வீட்டுக்காரி அதற்கடுத்த வீட்டுக்குச் சொன்னாள். பலகையும் துடைப்பமுமாகப் பெண்கள் இறங்கிவிட்டார்கள். சரசரவென்று நெல் ஓரத்துக்குப் போனது. பள்ளிக்கூடம்வரை ஒரு வண்டி போகிற அகலத்துக்குத் தார் ரோடு வெளியே வந்தது. முருகையன் வண்டியை மறுபடி பள்ளிக்கூடப் பக்கம் திருப்பினார். "கலெக்டர் வந்தாக்கூட ஒதுக்க மாட்டோம்டி, உனக்குத்தான்!" என்று ஒருத்தி கன்னத்தைக் கிள்ளினாள். அபிநயா உமி மூட்டைமேல் சாய்ந்துகொண்டு எல்லோருக்கும் கையாட்டினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி என்று அப்போது சொல்லிவைத்தேன். தூசி இல்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். டாக்டர் சொல்லும் கோணம் முக்கியம், அதில் கைவைக்காதீர்கள். ஆனால் பிளாஸ்டர் ரோலைத் தண்ணீரில் நனைப்பதற்கு முன்னால் வீட்டாரிடம் கேளுங்கள்: எதில் போவீர்கள், வாசல் எவ்வளவு, பிள்ளை படிக்கிறதா? முப்பது வருடம் நான் கேட்காமலே இருந்திருக்கிறேன். ஓய்வு பெறும்வரை மிச்ச நாளெல்லாம் கேட்டேன். கேட்டதும் அந்தத் தாய்மார்கள் முகத்தில் வரும் தெளிச்சியைப் பார்க்க வேண்டும்.

அன்றைக்கு வகுப்பில் அபிநயாவைச் சாய்த்து உட்கார வைத்து, பெல் அடித்து, வருகைப் பதிவும் முடிந்துவிட்டது. முருகையன் மட்டும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். டீச்சர் இரண்டு தடவை, "நான் பாத்துக்குறேன், போயிட்டு வாங்க" என்று சொல்லியும் நகரவில்லை.

அபிநயா நோட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். "அப்பா, எல்லா அப்பாவும் போயிட்டாங்க. நீயும் போ."

முருகையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். கேட்டைத் தாண்டுவதற்குள் நாலு தடவை திரும்பிப் பார்த்தார். அவள் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை, எழுதிக்கொண்டிருந்தாள்.